வாய்க்காலுக்கு மேற்கே ஒரு வீடு

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

மூன்று நாளாக நீ என் போனை எடுக்கவில்லை. அம்மாவின் போனிலிருந்து கூப்பிட்டால் எடுக்கிறாய், என் குரல் கேட்டதும் "டியூட்டியில இருக்கேம்பா" என்று வைத்துவிடுகிறாய். ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்த மாட்டுக்கு டியூட்டி என்று கேட்க வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன். அதனால்தான் கடிதம். கடைசியாக உனக்குக் கடிதம் எழுதியது நீ கால்நடை மருத்துவம் படிக்க ஹாஸ்டலுக்குப் போன முதல் மாதம். அப்போது நான்கு பக்கம் எழுதினேன். இது அதைவிட நீளும். சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படி.

வியாழக்கிழமை நீ கேட்டது எனக்கு அப்படியே காதில் இருக்கிறது. "டைல்ஸ் ஒட்டிப் பத்து நாள்கூட ஆகலையேப்பா. வெள்ளிக்கிழமை பார்ட்டி வர்றாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டே பின்னாடி பாத்ரூமை இடிச்சிருக்கீங்களே, உங்களுக்கு என்னதான் ஆச்சு?" நியாயமான கேள்வி. வீட்டை விற்பதே உனக்காகத்தான். நீடாமங்கலத்தில் ஸ்டேஷன் ரோட்டில் அந்தக் கட்டடத்தைப் பிடித்து, கீழே உன் சொந்த ஆஸ்பத்திரி, மேலே நானும் அம்மாவும் நீயும் என்று முடிவு செய்தோம். கட்டடக்காரர் ஆனி முடிகிற வரைக்கும்தான் பொறுப்பேன் என்று சொல்லிவிட்டார். ஆடி பிறந்துவிட்டால் இங்கே எவரும் வீடு வாங்க மாட்டார்கள், பத்திரம் பதிய மாட்டார்கள், ஒரு மாதம் எல்லாம் அப்படியே நிற்கும். அதற்குள் அந்த இடம் மருந்துக்கடைக்கோ செல்போன் கடைக்கோ போய்விடும். இவ்வளவும் தெரிந்த மனுஷன், கையில் வந்த பார்ட்டியை வைத்துக்கொண்டு பாத்ரூமை இடித்தான் என்றால் நீ கோபப்படாமல் என்ன செய்வாய்? ஆனால் என்ன நடந்தது என்று உனக்குப் பாதிதான் தெரியும். அம்மாவுக்கு முக்கால்வாசி தெரியும். முழுதும் தெரிந்தவன் நான்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வீட்டை விற்பனைக்குத் தயார் செய்வதில் உன் அப்பனை அடிக்க ஆள் கிடையாது. நாளைக்கு நீயும் ஒரு வீட்டை விற்க வேண்டி வரலாம், கேட்டுக்கொள். இருபத்தெட்டு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவனுக்கு, படியில் கால் வைக்கும்போதே எவன் சில்லறை தருவான், எவன் அடுத்த ஸ்டாப்பில் நழுவுவான் என்று தெரியும். வீடு பார்க்க வருகிறவர்களும் அப்படித்தான். வாசலில் நிற்கும் அரை நிமிஷத்தில் மனசுக்குள் முடிவு பண்ணிவிடுவார்கள், மீதியெல்லாம் மரியாதைக்குச் சுற்றிப் பார்ப்பது. அதனால் முதல் செலவு வாசலுக்கு. கேட்டுக்கு வர்ணம் அடித்தேன், கிரீச்சிடும் கீலுக்கு எண்ணெய் விட்டேன், முன்விளக்கை மாற்றினேன். அப்புறம் பரண். அம்மா சேர்த்து வைத்திருந்த ஐஸ்கிரீம் டப்பாக்கள் மட்டும் இரண்டு சாக்கு. "ஒண்ணு ரெண்டு இருக்கட்டுங்க" என்று பின்னாலேயே வந்தாள், நான் ஏணியை விட்டு இறங்கவே இல்லை. ஆணி ஆணியாகத் தொங்கிய காலண்டர்களை எடுத்தேன். சுவர் எவ்வளவு தெரிகிறதோ வீடு அவ்வளவு பெரிதாகத் தெரியும். வருகிறவர்கள் முதலில் குழாயைத் திறப்பார்கள், அதனால் மோட்டாரைச் சரி செய்து தொட்டியை எப்போதும் நிரப்பியே வைத்தேன். நம் வீடு மேற்குப் பார்த்தது, மூன்று மணிக்கு மேல் கூடம் அடுப்பாகிவிடும். தரகர் செல்வத்திடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன், காலை பத்து மணிக்கு முன்னால் கூட்டி வந்தால் வா, இல்லாவிட்டால் மறுநாள் வா. பார்ட்டி வருகிற அன்று கருவாடு வறுக்காதே என்றதற்குத்தான் அம்மாவோடு பெரிய சண்டை. "வீடு வாங்குறவங்க கருவாடு திங்க மாட்டாங்களா?" என்றாள். தின்பார்கள், அவரவர் வீட்டில் தின்பார்கள் என்றேன்.

இதெல்லாம் நல்ல வேலை. கெட்ட வேலையும் ஒன்றிரண்டு செய்தேன். தெற்கு ரூமில் ஐப்பசி மழைக்கு ஒழுகும் மூலை இருக்கிறதே, அதில் படிந்த மஞ்சள் கறையை மேலே இரண்டு கோட் வெள்ளை அடித்து மறைத்தேன். பின்பக்கத்துப் பாத்ரூமுக்கு டைல்ஸ் ஒட்டியதும் அந்தக் கணக்கில்தான் சேரும். அழகு பண்ண ஒட்டவில்லை. அந்தப் பாத்ரூம் எங்கே நிற்கிறது என்று யாரும் கேட்காமல் இருப்பதற்காக ஒட்டினேன்.

அது எங்கே நிற்கிறது என்று உனக்குச் சொன்னதில்லை. இந்த மனையை நாம் வாங்கியபோது சுற்றிலும் வயல். மருத்துவக்கல்லூரிச் சாலை தாண்டி இந்தப் பக்கம் பஸ்கூடக் கிடையாது. வயலை மனையாகப் பிரித்து விற்றபோது, வயலுக்குப் போன வாய்க்கால் மட்டும் மனைகளின் பின்னால் அப்படியே கிடந்தது. நம் பத்திரத்தில் நான்கெல்லை எழுதிய இடத்தில் பார், "வாய்க்காலுக்கு மேற்கு" என்று இருக்கும். அதாவது வாய்க்கால் வரைக்கும்தான் நமக்கு. நீ நான்காம் வகுப்புப் படிக்கும்போது காம்பவுண்டு கட்டினேன். அப்போது எல்லோரும் இரண்டடி மூன்றடி இழுத்துத்தான் கட்டினார்கள். நான் வாய்க்காலையே உள்ளே இழுத்துவிட்டேன். அடியில் ஒரு சிமென்ட் குழாயைப் புதைத்து, மேலே பலகைக்கல் மூடி, அதன் மேல் பாத்ரூமைக் கட்டினேன். தண்ணீர் போக வழி விட்டிருக்கிறோமே, யாருக்கு என்ன நஷ்டம் என்று அப்போது பேசினேன். கவர்மென்ட் உத்தியோகம், சொந்த மனை, சொந்த வீடு. நம் குடும்பத்தில் எனக்கு முன்னால் எவருக்கும் ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. எனக்கு வந்த திமிர் இன்னும் மூன்றடி வேண்டும் என்றது.

நஷ்டம் பன்னீருக்கு. நம் மதிலைத் தாண்டித் தெற்கே மிச்சம் இருக்கிற வயல் அவருடையது. மனைக்காரர்கள் எத்தனையோ தடவை கேட்டும் கொடுக்கவில்லை. போர் போடும் வசதியும் அவருக்கு இல்லை, ஆற்றுத் தண்ணீர் நம் வீட்டுக்கு அடியில் குழாய் வழியாகப் போய்த்தான் அவர் வயலில் ஏற வேண்டும். வாய்க்கால் தண்ணீர் சும்மா வருமா? பாசி, பிளாஸ்டிக், குப்பை எல்லாம் இழுத்துக்கொண்டு வந்து குழாய் வாயில் அடைத்துக்கொள்ளும். அதனால் வருஷா வருஷம் தண்ணீர் வருவதற்கு முன்னாலும், வந்த பிறகு அடைக்கும் போதெல்லாமும், பன்னீர் ஒரு நீள மூங்கிலோடு நம் பக்கவாட்டுக் கேட்டுக்கு வருவார். "கண்டக்டர் சார், குத்திவிட்டுட்டுப் போயிடட்டுங்களா?" என்பார். நான் கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டே "போங்க, போங்க" என்பேன். நீ பார்த்திருக்கிறாய். உன் கன்றுக்குட்டிப் பைத்தியத்துக்கு அவர் வீட்டுக் கன்றுதான் முதல் நோயாளி.

இப்போது பார்ட்டிக்கு வருகிறேன். கணவன் பேங்கில், மனைவி காலேஜில் லெக்சரர். கணவன் நிறையப் பேசினார், அப்போதே தெரிந்துகொண்டேன், முடிவு அந்தம்மா கையில் என்று. அவர் எதுவும் பேசாமல் ஒவ்வொரு குழாயாகத் திறந்து மூடினார், ஜன்னல் கொக்கிகளை இழுத்துப் பார்த்தார். போகும்போது "வெள்ளிக்கிழமை சர்வேயரோட வர்றோம் சார், அளந்துட்டா பேசி முடிச்சிரலாம்" என்றார். அவர்கள் தெருமுனை திரும்பியதும் செல்வம் என்னைப் பின்பக்கம் அழைத்துப் போனான்.

"அண்ணே, எல்லாம் ஓகே. இந்தக் குழாய்தான் இடிக்கும். அளக்குறப்ப தண்ணி ஓடுற சத்தம் கேட்டுச்சு, அந்தாளு வேற மூங்கிலத் தூக்கிக்கிட்டு வந்து நின்னாருன்னு வச்சுக்கங்க, முடிஞ்சுது. ரெண்டு பக்கமும் வாயில காங்கிரீட்டைப் போட்டு அடைச்சிருங்க. மேல மண்ணத் தள்ளிட்டா வாய்க்கால் இருந்ததே தெரியாது."

"பன்னீரு வயலு?"

"அவரு மட்டும் எத்தினி வருசம் உழுதுருவாரு? ஒரு போகம் காஞ்சா அவரே மனை போட்டுருவாருண்ணே."

நான் சரி என்றேன், பாப்பா. இதுதான் அம்மாவுக்கும் தெரியாத விஷயம். மறுநாளே ஒரு மூட்டை சிமென்ட்டும் நாலு சட்டி ஜல்லியும் வாங்கி பாத்ரூம் பக்கத்தில் இறக்கினேன். கழிவுநீர்த் தொட்டி மூடிக்கு என்று அம்மாவிடம் பொய் சொன்னேன். உன் ஆஸ்பத்திரி, ஆனி மாதம், கட்டடக்காரரின் கெடு என்று எனக்கு நானே காரணங்களை அடுக்கிக்கொண்டேன். பிள்ளைகள் பெயரைச் சொல்லி அப்பன்மார் செய்கிற அக்கிரமத்துக்கு அளவே கிடையாது.

செவ்வாய்க்கிழமை காலையில் சிமென்ட்டைக் கலக்கத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். பக்கவாட்டுக் கேட்டில் பன்னீர். கையில் மூங்கில். சிமென்ட்டைப் பார்த்தார், ஜல்லியைப் பார்த்தார், குழாய் வாயைப் பார்த்தார். விவசாயிக்கு இதை விளக்க வேண்டுமா? "சார், இந்த வருசம் தண்ணி வெரசா வருதாம். நாத்து விட்டுட்டேன். குத்திவிட்டுட்டுப் போயிடட்டுங்களா?" என்றார். கேட்டுக்கொண்டே காலில் கிடந்த செருப்பைக் கழற்றிக் கேட்டுக்கு வெளியே விட்டுவிட்டு உள்ளே வந்தார்.

அந்தச் செருப்பைப் பத்தொன்பது வருஷமாகப் பார்க்கிறேன். சேற்றுக்கால், தரை அழுக்காகும் என்று கழற்றுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன். அன்றைக்கு எங்கே சேறு? வெயில் மண்ணைப் பிளந்து வைத்திருந்தது. பின்பக்கம் முழுக்கக் கூழாங்கல்லும் ஜல்லியும். வெறுங்காலோடு அதில் நடந்து வருகிறார், ஜல்லி குத்துகிறது, கால் கோணிக்கொள்கிறது.

"ஏன் பன்னீரு, செருப்பப் போட்டுக்கிட்டு வாங்களேன்" என்றேன்.

"பரவால்லைங்க சார். பழகிப்போச்சு."

உன் தாத்தா சொன்னதும் இதே வார்த்தை. என் அப்பா திருவாரூர்ப் பக்கத்தில் பண்ணையில் கூலி வேலை செய்தவர் என்று உனக்குத் தெரியும். எனக்கு வேலை கிடைத்து முதல் சம்பளத்தில் அவருக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கிக் கொடுத்தேன். அந்த வாரமே அவரோடு பண்ணை வீட்டுப் பக்கம் போக நேர்ந்தது. ஏதோ கொல்லைப்பக்கக் கதவு, அங்கே நின்று, அப்பா அந்த வருஷம் குத்தகைக்கு எடுத்திருந்த வயலுக்கு மடை திறக்கக் கேட்க வேண்டும். போகிற வழியிலேயே, அந்தத் தெரு ஆரம்பிக்கும்போதே, அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். காலம் மாறிவிட்டது, போடுங்கள் என்று நடுத்தெருவில் சண்டை போட்டேன். "பழகிப்போச்சுடா, விடு" என்றார். அன்றைக்கு அந்தப் பண்ணைக்காரர் எங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை, உள்ளே நாற்காலியில் உட்கார்ந்தபடி "போங்க, போங்க, தொறந்து விட்டுக்கங்க" என்றார். அவரை நான் சாகும்வரை மன்னிக்கக் கூடாது என்று நினைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை காலையில் கையில் சிமென்ட்டோடு நிற்கும்போதுதான் உறைத்தது, பத்தொன்பது வருஷமாக நானும் அதே இரண்டு வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது பாப்பா. கையைக் கழுவக்கூடத் தோன்றாமல் அப்படியே நின்றேன். சிமென்ட் விரலில் இறுகிவிட்டது, அம்மா தேங்காயெண்ணெய் தேய்த்து எடுத்தாள்.

புதன்கிழமை ஒரு கொத்தனாரையும் இரண்டு ஆளையும் கூட்டி வந்தேன். பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, டேப் பிடித்து, எங்கே வாய்க்கால் தொடங்குகிறதோ அங்கே கோடு போட்டேன். கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றதையெல்லாம் இடித்தோம். பலகைக்கல்லைப் புரட்டினோம், குழாயைத் தோண்டி எடுத்தோம். அதற்குள்ளே பார்க்க வேண்டுமே, பந்து, பால் கவர், உன்னுடைய பழைய யூனிஃபார்ம் பெல்ட் ஒன்று. அம்மா பின்வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். "என்னங்க, இப்பத்தான டைல்ஸ் ஒட்டுனீங்க" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். காரணத்தைச் சொன்னேன். அப்புறம் "நானும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன், நானும் சொல்லலை" என்றாள். போய் எல்லோருக்கும் டீ போட்டுக் கொண்டு வந்தாள். பன்னீரும் மண்வெட்டியோடு வந்துவிட்டார், நான் கேட் வரைக்கும் போய்ச் செருப்போடே உள்ளே கூட்டி வந்தேன். வாய்க்காலின் இரண்டு கரையையும் அவர்தான் வெட்டிச் சீவினார். அந்த வேலை எனக்கு வராது, எனக்கு டிக்கெட் கிழிக்கத்தான் வரும்.

செல்வம் வந்து பார்த்தான். தலையில் கை வைத்துக்கொண்டு வாய்க்கால் ஓரமாக உட்கார்ந்துவிட்டான். "ஏண்ணே, வெள்ளிக்கிழமை முடிஞ்ச பொறவு இடிச்சிருக்கக் கூடாதா?" முடிந்த பிறகு அது என் வீடாக இருக்காது, எப்படி இடிப்பது என்றேன்.

வெள்ளிக்கிழமை அவர்கள் சர்வேயரோடு வந்தார்கள். நான் கேட்டிலேயே பத்திரத்தோடு நின்றேன். உள்ளே போவதற்கு முன்னால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பின்னால் பாத்ரூம் இருந்தது, வாய்க்கால் இடத்தில் கட்டியது, இடித்துவிட்டேன், இனி வாய்க்கால் திறந்தேதான் இருக்கும். கணவன் முகம் சுருங்கிவிட்டது. அந்தம்மா நேராகப் பின்பக்கம் போய்க் கரையில் நின்றார். "பாம்பு வருமா சார்?" என்றார். வரும், தண்ணீர்ப் பாம்பு, ஒன்றும் செய்யாது என்றேன். "வேற எதையாவது மறைச்சிருக்கீங்களா?" தெற்கு ரூமின் மூலையைக் காட்டினேன், வெள்ளைக்கு அடியில் கறை இருக்கிறது, மழைக்கு ஒழுகும். கூடம் மாலையில் கொதிக்கும், அதனால்தான் உங்களைக் காலையில் வரச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கிளாஸ்ல இப்படி உண்மை பேசுற ஸ்டூடன்ட்டைப் பார்த்ததில்ல சார்" என்றார். சர்வேயர் அளந்தார். பத்திரத்தில் இருப்பதும் தரையில் இருப்பதும் சரியாக ஒத்துப்போனது. இந்தச் சுற்றுவட்டாரத்தில் அப்படி ஒத்துப்போகிற வீட்டைப் பார்த்து ரொம்ப நாளாச்சு என்று அவரே சொன்னார். அந்தம்மாவுக்கு அது பிடித்துவிட்டது. வக்கீலுக்கு அலைச்சல் மிச்சம் என்றார்.

வீடு விற்றுவிட்டது பாப்பா. வருகிற வியாழக்கிழமை, ஆடிக்கு முன்னால் கடைசி நல்ல நாள், பத்திரப்பதிவு. கட்டடக்காரருக்கு நேற்றே போன் போட்டுச் சொல்லிவிட்டேன். இது நல்ல செய்தி, இத்தோடு நிறுத்தியிருந்தால் நீயும் சமாதானமாகியிருப்பாய். ஆனால் முழுதும் சொல்வதாகச் சொன்னேன்.

அவர்கள் பேசிய விலைக்கு வாங்கவில்லை. கொஞ்ச நேரம் தனியாகப் பேசிவிட்டு, கணவன் என்னிடம் வந்தார். "சார், பழையபடி பைப் போட்டு மேல மூடிக் குடுத்துடுங்க, பேசுன ரேட்டுக்கே முடிச்சுக்கலாம். தெறந்து கெடக்கணும்னா கொறைச்சுத்தான் எழுத முடியும்" என்றார். குழாய் அங்கேயேதான் கிடந்தது. கொத்தனாரும் பக்கத்துத் தெருவில்தான் இருந்தார். ஒரே நாள் வேலை. நான் "குறைச்சே எழுதிக்கங்க" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. குறைந்தது சின்னத் தொகை அல்ல. நீ லிஸ்ட் போட்டு அனுப்பியிருந்தாயே, அதில் ஸ்கேன் மெஷின் இந்த வருஷம் கிடையாது. சினை மாட்டை நீ கையால்தான் பார்க்க வேண்டும். இரண்டு வருஷமாக நீ வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியில் அந்த மெஷின் ஒன்றுக்காகவே எவ்வளவு தூரத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள் என்று நீ சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அது எனக்குத் தெரியாமல் இல்லை, தெரிந்துதான் விட்டேன்.

உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். போன் சட்டைப் பையில்தான் இருந்தது. இடித்தது என் தப்பைத் திருத்த. அதில் எனக்கு வருத்தமே இல்லை, இன்னொரு தடவை சொன்னாலும் இடிப்பேன். ஆனால் விட்டுக்கொடுத்தது உன் பங்கு. அதை உன்னிடம் கேட்காமல் விட்டது தப்பு. கேட்டால் நீ "மூடிடுங்கப்பா" என்று சொல்லிவிடுவாயோ என்று பயம். நீ அப்படிச் சொல்லியிருப்பாயா, மாட்டாயா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் தைரியம் இல்லை. அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன். பென்ஷனில் எடுத்து வைத்து அந்த மெஷினை உனக்கு நான் வாங்கித் தருவேன். எப்போது என்று இப்போது சொல்ல மாட்டேன், ஆனால் வாங்கித் தருவேன்.

நீ நன்றாக வருவாய். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. உன் கை மாட்டின் மேல் பட்டதும் அது அமைதியாவதை நான் பார்த்திருக்கிறேன், அதற்கு மெஷின் தேவையில்லை. கோபமாக இருக்க வேண்டுமென்றால் புதன்கிழமை வரைக்கும் இரு. வியாழக்கிழமை காலையில் ரெஜிஸ்தர் ஆபீஸுக்கு வந்துவிடு, சாட்சிக் கையெழுத்துக்கு அம்மா உன் பெயரைத்தான் கொடுத்திருக்கிறாள். நேற்று மத்தியானம் தண்ணீர் வந்தது. எந்த இடத்திலும் நிற்காமல் போனது. பன்னீர் நாற்றங்கால் நனைந்துவிட்டது.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், இதைச் செய். உன் ஆஸ்பத்திரிக்கு மாட்டையோ ஆட்டையோ பிடித்துக்கொண்டு வருகிறவர்களில் சிலர் வாசலுக்கு வெளியிலேயே நிற்பார்கள். கூப்பிட்டால் வரலாம் என்று நிற்பார்கள். உள்ளிருந்து "வாங்க, வாங்க" என்று குரல் கொடுக்காதே. எழுந்து வாசல் வரைக்கும் போ. அந்த நாலு எட்டை வைக்க உன் அப்பனுக்குப் பத்தொன்பது வருஷம் ஆனது.

அப்பா